நாலாம் நாள் ஆட்டிறைச்சி

உருளைக்கிழங்கு பெல்ட் ஓடத் தொடங்கிவிட்டால் வசந்தமலருக்குக் கை ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். பச்சை பிடித்தது, மெஷின் வெட்டியது, புழு துளைத்தது என்று கை பொறுக்கி எறிந்துகொண்டிருக்கும். வாய் ஓக்லண்ட் முழுவதிலும் உள்ள தமிழ்ச் சனத்தின் கதையைப் பேசித் தீர்க்கும். கந்தசஷ்டி விரதத்தின் மூன்றாம் நாளான அந்த வெள்ளிக்கிழமை வாய் மூடிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற பூங்கோதைக்குப் பொழுதே போகவில்லை.

ஓக்லண்டுக்கு வெளியே, புக்கெகோஹியில் ஒக்டோபர் மாதம் புதுக்கிழங்கு வரும். செம்மண்ணோடு லொறியில் வந்து இறங்குவது, டிரம்மில் உருண்டு கழுவப்பட்டு, தோல் பாதி உரிந்தபடி பெல்ட்டில் ஏறும். தகரக் கூரையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. மூன்று சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் ஏப்ரன் கட்டியும் வசந்தமலருக்குக் குளிர் விடவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் புக்கெகோஹிக் குளிர் எலும்பைத் தேடித்தான் வரும்.

"அக்கா, உங்க பையன் உக்காந்துட்டான் பாருங்க" என்றாள் பூங்கோதை. அவள் திண்டுக்கல்காரி. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான், ஆனால் அந்த ஷெட்டில் நடப்பது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

பெல்ட்டின் கடைசியில் இருபது கிலோ மூட்டைகளைத் தூக்கி அடுக்குவது யசீகரனின் வேலை. மற்றவர்கள் ஒன்றைத் தூக்கும்போது அவன் கக்கத்துக்கு ஒன்றாக இரண்டைத் தூக்குவான். அப்படிப்பட்டவன் பலகை அடுக்கில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். வசந்தமலர் கையுறையோடு ஓடினாள்.

"முழங்காலோ தம்பி?"

"நோ, நோ. தலை சுத்துது. ஐ'ம் ஓகே."

அவன் மூஞ்சி ஓகே என்று சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் எழுந்து லொறிகள் நிற்கும் பக்கம் மழைக்குள் போனான். திரும்பி வந்தபோது தலைமயிரில் தண்ணீர் வடிந்தது, கண் பளபளத்தது.

"அம்மா, ட்யூஸ்டே. வொர்க்கவுட். இப்பதான் அங்க ஒரு கேம் முடிஞ்சது, அவங்கட லைன்ல கார்டா நிக்கிறவன் கணுக்காலை உடைச்சிட்டான். ஆள் வேணுமாம்."

வசந்தமலருக்கு இதற்கு மேல் ஒன்றும் விளக்கத் தேவையில்லை; வொர்க்கவுட் என்றால் ஆளைச் சேர்க்கமுன் அணி வைக்கிற பரீட்சை. அவன் அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடுகிறவன். பதினெட்டு வயதில், இங்கே பள்ளிக்கூட ரக்பியில் முன்வரிசையில் நின்றவனை அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று படிப்பும் சாப்பாடும் தருகிறோம் என்று அழைத்துக்கொண்டு போனது. இப்போது இருபத்தேழு. மூன்று பெரிய அணிகளில் இருந்துவிட்டான், மூன்றும் அவனை அனுப்பிவிட்டன. மூன்றாவது, இந்த வருடம் ஓகஸ்டில். அவனுடைய இடத்துக்கு ஒஃபென்சிவ் லைன்மன் என்று பெயர். பந்தை எறிகிற குவாட்டர்பாக்குக்கு முன்னால் ஐந்து பேர் சுவராக நிற்பார்கள். பாய்ந்து வருகிறவனை நெஞ்சால் மறித்துத் தள்ளவேண்டும், விசில் ஊதும் மட்டும் விடக்கூடாது. பந்தைத் தொடவே கூடாது. ஆள் நன்றாக விளையாடினால் ஒருவரும் பெயர் சொல்லமாட்டார்கள். பிழை விட்டால் மைக்கில் நம்பரைச் சொல்லி மானத்தை வாங்குவார்கள். கோயிலில் மரகதம் ஒவ்வொரு வருடமும் "உங்கட மகன் எத்தினை கோல் போட்டவர்?" என்று கேட்பாள். வசந்தமலர் ஒவ்வொரு வருடமும் பல்லைக் கடிப்பாள். திங்கட்கிழமை விடியக் காலையில் ரீவியில் ஆட்டம் போகும்போது உலகம் முழுவதும் பந்தைப் பார்க்கும். அவள் மகனின் அறுபத்தேழாம் நம்பரை மட்டும் பார்ப்பாள்.

"அப்ப சந்தோசம்தானே? ஏன் மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறாய்?"

அவன் மூட்டை அடுக்கிய பலகைகளை நிறுக்கும் தராசுக்குப் போனான். நிலத்தோடு பதித்த இரும்புத் தட்டு அது. ஏறி நின்றான். பச்சை எழுத்தில் 132.4 என்று வந்தது.

"எவ்வளவு வேணும்?"

"ஒன் தேர்ட்டி எய்ட். முதல் வேலையா தராசிலதான் ஏத்துவாங்கள். குறைஞ்சா ஷூ கட்டவே விடாங்கள்."

"புதன்கிழமை காப்புக் கட்டேக்க எவ்வளவு நிண்டனி?"

"ஒன் தேர்ட்டி எய்ட்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. போன வருடம் செப்டெம்பரில் அவனுக்கு அமெரிக்காவில் முழங்காலில் ஒபரேசன் நடந்தபோது இதே பெல்ட்டில் நின்றுகொண்டுதான் நேர்த்தி வைத்தாள்: கால் சரிவந்தால் மகன் மூன்று வருடம் சஷ்டி பிடிப்பான், முருகா. மகனைக் கேட்டாளா என்றால் இல்லை. பிள்ளையின் பெயரில் நேர்த்தி வைக்கப் பிள்ளையைக் கேட்கிற தாய் இன்னும் பிறக்கவில்லை. நாளுக்கு ஒன்பது குழல் புட்டும் ஒரு டசன் முட்டையும் சாப்பிடுகிற உடம்புக்கு ஆறு நாள் என்ன செய்துவிடும் என்றுதான் நினைத்தாள். இந்த வருடம் வீட்டில் நிற்கிறான் என்று கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காப்புக் கட்டுவித்தாள். ஒரு நூல் அந்த மணிக்கட்டைச் சுற்றி வரவில்லை. ஐயர் சிரித்துக்கொண்டே இரண்டை முடிச்சுப் போட்டுக் கட்டினார். அன்று முதல் இருவருக்கும் பின்னேரம் ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும்தான்.

இன்று வெள்ளி. சூரன்போர் திங்கள். அமெரிக்காவில் செவ்வாய் காலை தராசு. வசந்தமலர் விரல் மடித்துப் பார்த்தாள், எப்படி மடித்தாலும் விரதம் முடிந்து சாப்பிட ஒரு நாள்கூட மிஞ்சவில்லை.

பிளாக்ஹவுஸ் பே வீட்டுக் கதவைத் திறந்தபோது கணவர் இராசநாயகம் குளித்து, திருநீறு பூசி, வரவேற்பறையில் தயாராக இருந்தார். அவர் பென்ரோஸில் ஒரு சாமான் கிடங்கில் பதினெட்டு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். செய்தியைக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன்னுடைய செய்தியைச் சொன்னார்.

"நான் மனேஜரிட்டக் கதைச்சிட்டன். லோங் வீக்கெண்ட் முடிய, உன்னைச் செவ்வாய் காலமை வரச்சொல்லியிருக்கிறான். பெர்மனன்ட் வேலை."

"அப்பா, இது ஒரு சான்ஸ்."

"மூண்டு தரம் போன்ல கூப்பிட்டு வீட்ட போ எண்டு சொன்ன வேலையை நான் வேலை எண்டு சொல்லமாட்டன். பந்தையும் தொடவிடமாட்டினம், காலையும் உடைப்பினம். உனக்கென்ன, கலியாணம் காட்சி வேண்டாமே?"

"இஞ்சாருங்கோ, அவன்ர கலியாணத்தைப் பிறகு பாப்பம்" என்றாள் வசந்தமலர். "தம்பி, கை கழுவிப்போட்டு வந்து இரு. புட்டு அவிக்கிறன். விரதம் போதும்."

அவள் அதைச் சொல்வாள் என்று இராசநாயகம் எதிர்பார்க்கவில்லை. அதைவிட, மகன் சொன்னதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"நான் சாப்பிடமாட்டன்."

"என்ன?"

"சிக்ஸ் டேய்ஸ் எண்டா சிக்ஸ் டேய்ஸ். முடிச்சுப்போட்டுச் சாப்பிடுறன். தராசுக்கு முன்னம் தண்ணி குடிப்பன், எல்லாரும் செய்யிறதுதான்."

"தண்ணி குடிச்சுத் தராசை ஏமாத்தலாம். முன்னால வாறவனை ஏமாத்தேலுமோ? ஒரு தள்ளில கதிரை மாதிரிப் போவாய்!"

யசீகரனுக்குத் தமிழ் கோபம் வந்தால்தான் ஒழுங்காக வரும். அன்று வந்தது.

"ஒபரேசன் முடிஞ்சு முதல் நாள் ஓடச் சொன்னாங்கள். எனக்குப் பயம். காலை ஊண்டப் பயம். போன் எடுத்தன். நீங்கதான் சொன்னீங்க, நேர்த்தி வைச்சிருக்கு, கால் நிக்கும், ஊண்டு எண்டு. அதுக்குப் பிறகு ஒவ்வொரு தரமும் அதைச் சொல்லித்தான் ஊண்டினனான். டொக்டர் சொன்னதை நான் நம்பேல்லை அம்மா, உங்களைத்தான் நம்பினனான். இப்ப இதை முறிச்சா, ட்யூஸ்டே என்னத்தைச் சொல்லி ஊண்டுறது?"

இங்கே பிறந்து, தேவாரத்தில் ஒரு வரி பாடமில்லாமல் வளர்ந்த பிள்ளை, தாய் போனில் ஆறுதலுக்குச் சொன்ன ஒரு சொல்லின் மேல் முழு உடம்பையும் வைத்து நின்றிருக்கிறான். கோயிலுக்கு நாள் தவறாமல் போகிற தனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்ததா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. தன் மேலேயே கோபமும் வந்தது. அன்று பின்னேரம் இருவரும் ஆளுக்கொரு கிளாஸ் பால் குடித்தார்கள். இராசநாயகம் தனியாக இருந்து புட்டுச் சாப்பிட்டார், அதுவும் அவருக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் வசந்தமலர் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு சாமி அறைக்குப் போனாள். அறை என்பது பெயருக்கு. வெந்நீர் சிலிண்டர் இருந்த அலுமாரி அது. விளக்கேற்றி, மற்றச் சாமிகளை விட்டுவிட்டு முருகனிடம் நேராகப் பேசினாள்.

"நேர்த்தி வைச்சது ஆர்? நான். அவனைக் கேட்டு வைச்சனானே? இல்லை. அப்ப அவனிட்ட ஏன் வாங்கிறாய்? உனக்கு நாள்தானே வேணும், என்னட்ட எடு. கோவமெண்டால் என்ர முழங்காலை எடு. ரெண்டு இருக்கு, ரெண்டும் ஏற்கெனவே நோகுது. அவன்ர காலில கை வைச்சியோ, பிறகு எனக்கும் உனக்கும் கதை இல்லை, சொல்லிப்போட்டன்!"

முருகன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஆட்டிறைச்சி நாலு கிலோ வாங்கி வாங்கோ. எலும்போட."

இராசநாயகம் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இண்டைக்குச் சஷ்டி நாலாம் நாள். உமக்கு விசரே?"

"ஓம். நீங்கள் போறியளோ, நான் போகட்டோ?"

"காய்ச்சிறதெண்டால் கராஜுக்குள்ள அடுப்பை வைச்சுக் காய்ச்சும். சாமி இருக்கிற வீடு. அக்கம்பக்கத்தில எங்கட சனம்."

"கராஜுக்குள்ள காய்ச்சமாட்டன். ஒளிச்சுச் சமைக்க இது களவில்லை. என்ர பிள்ளைக்கு என்ர குசினியிலதான் சமைப்பன்."

அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். முப்பது வருடம் குடும்பம் நடத்தியவருக்கு எந்தக் குரலுக்கு எதிர்த்துப் பேசக்கூடாது என்று தெரியும்.

வெங்காயம் வதக்கி, கறித்தூள் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் கறி கொதித்தபோது வசந்தமலர் குசினி யன்னலை அகலத் திறந்து வைத்தாள். மூன்று நாள் வெறும் வயிற்றோடு அந்த மணத்துக்குள் நின்றாள். வாயில் நீர் ஊறியது, விழுங்கினாள். உப்புக்கூடப் பார்க்கவில்லை, கையளவில் போட்டாள். ஒன்பது குழல் புட்டு அவித்து மேசையில் வைத்து மகனைக் கூப்பிட்டாள்.

அவன் வந்து நின்றான். உட்காரவில்லை.

"அம்மா, நான் சொன்னனே."

"சொன்னனி. இப்ப நான் கேக்கிறதுக்குச் சொல்லு. உன்ர குவாட்டர்பாக் பந்தை வைச்சுக்கொண்டு நிக்கேக்க, தன்னை அடிக்க ஆர் வாறான் எண்டு பாப்பானோ?"

"இல்லை. அவன் தூரத்தில பாக்கோணும், ஆருக்கு எறியிறது எண்டு."

"அடிக்க வாறவனை ஆர் பாக்கிறது?"

"நான்."

"அவன் உன்னை நம்பாமல் ஒவ்வொரு தரமும் தலையைக் குனிஞ்சு பாத்தால்?"

"எறியேலாது. முடிஞ்சுது."

"ம்." வசந்தமலர் அடுப்பைத் தணித்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். பிறகு, நாற்பத்தெட்டு கிலோ எடையும் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவான உயரமும் கொண்ட அந்த மனுஷி, மகனுக்கு முன்னால் போய் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாமி அலுமாரிப் பக்கம் பார்த்து, ஐந்து வருடமாக ரீவியில் பார்த்தபடியே முழங்காலை மடித்து, ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குனிந்தாள். முழங்கால் இரண்டும் கடக்கென்றன.

"அம்மா, என்ன செய்யிறீங்க? வாட் இஸ் திஸ்?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரியாதை. நான் முன்னால நிக்கிறன். நேர்த்தி என்ர. முறிக்கிறது நான். வாறது என்னத்தையும் நான் வாங்கிறன். நீ குனிஞ்சு பாராதை. உன்ர வேலையைப் பார்."

சிரிப்பு நின்றது.

"அப்ப ட்யூஸ்டே காலை ஊண்டேக்க?" என்றான் மெல்ல.

"அம்மா முன்னால நிக்கிறா எண்டு சொல்லி ஊண்டு."

அவன் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். அந்தக் கையை விடாமலே அவள் மேசையில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, காப்பு நூலை வெட்டி, தன் காப்புக்குப் பக்கத்தில் தன் மணிக்கட்டில் கட்டினாள். நாலு சுற்று வந்தது. யசீகரன் உட்கார்ந்தான். முதல் வாய் வைக்கும்போது கண் கலங்கியிருந்தது. மூன்றாவது குழலுக்குப் பிறகு அதெல்லாம் இல்லை, சாப்பாடுதான்.

அன்று பின்னேரம் இராசநாயகம் சூப்பர்மார்க்கெட்டில் இருந்து பொரித்த கோழி இரண்டும் முட்டை நாலு டசனும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மனேஜருக்கு என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டாள் வசந்தமலர்.

"மகன் வரமாட்டான் எண்டு" என்றார் அவர், முட்டையை ஃபிரிட்ஜில் அடுக்கிக்கொண்டே.

ஞாயிறு பின்னேரம் விமானம். இங்கே ஞாயிறு பின்னேரம் ஏறினால் அங்கே ஞாயிறு மத்தியானம் இறங்கலாம், தின்பதற்கு அரை நாள் கூடுதல் என்று அவளுக்கு ஒரு சந்தோஷம். விமான நிலையத்திலும் ஒரு டப்பா புட்டும் கறியும் பிசைந்து கொடுத்து, அவன் வழித்துத் தின்னும் மட்டும் பக்கத்தில் நின்றாள்.

திங்கட்கிழமை சூரன்போர். பொது விடுமுறையும் சேர்ந்ததால் கோயிலில் நிற்க இடமில்லை. சூரனின் தலை விழுந்து சனம் கலைகிற நேரம், பூக்கூடையோடு வந்த மரகதம் பத்துப் பேருக்குக் கேட்கக் கேட்டாள்.

"வசந்தா, மகன் எங்க? காப்புக் கட்டினவரைச் சூரன்போருக்குக் காணேல்லை?"

"அமெரிக்கா போட்டான்."

"விரதத்தோடயோ? இல்லை, உங்கட வீட்டுப் பக்கம் சனிக்கிழமை இறைச்சி மணந்தது எண்டு கதைச்சினம். நான் நம்பேல்லை."

"நம்புங்கோ. நாலு கிலோ. கறுவா, ஏலம் எல்லாம் போட்டுக் காய்ச்சினனான், நல்லாத்தான் மணந்திருக்கும்."

மரகதத்தின் கூடை சரிந்து இரண்டு செவ்வந்திப் பூ விழுந்தன. "சஷ்டியில! முருகன் பொறுப்பாரே?"

"பொறுக்காட்டி என்னட்ட வரட்டும். விலாசம் அவருக்குத் தெரியும்." வசந்தமலர் குனிந்து பூவை எடுத்துக் கூடையில் போட்டாள். "இன்னொண்டு அக்கா. அவன்ர விளையாட்டில கோல் போடுறது அவன்ர வேலை இல்லை. கோல் போடுறவனைக் காப்பாத்திறதுதான் வேலை. இனிக் கேளாதேங்கோ."

செவ்வாய் காலை ஊரெல்லாம் பாறணை செய்து விரதம் முடித்தது. வசந்தமலர் முடிக்கவில்லை. மகன் விட்டது மூன்று நாள். செவ்வாய், புதன், வியாழன் என்று தொடர்ந்தாள். இராசநாயகம் பேசிப் பார்த்தார், பிறகு தானும் இரவுச் சாப்பாட்டை விட்டார்.

புதன் காலை பத்து மணிக்கு ஸ்மோக்கோ. பெல்ட் நின்று எல்லோரும் தேநீருக்குப் போனபோது அவளுடைய போன் அடித்தது.

"ஒன் தேர்ட்டி எய்ட் பொயின்ட் டூ" என்றான் யசீகரன், எடுத்த எடுப்பில். "சைன் பண்ணிட்டாங்கள். ப்ராக்டிஸ் ஸ்குவாட், கேமுக்கு ஆள் குறைஞ்சா ஏத்துவாங்கள்."

"எத்தினை நாளைக்கு?"

"வீக் டு வீக் அம்மா. அடுத்த வீக் அனுப்பினாலும் அனுப்புவாங்கள்."

"அனுப்பினால் வா. புட்டு இருக்கு. பிறகும் போ." போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "கால்?"

"ஊண்டினன்."

பிறகு சொன்னான், இங்கிலீஷ் கலக்காமல். "குனிஞ்சு பாக்கேல்லை அம்மா."

அவள் ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்தாள். ஏப்ரனில் இருந்த சேறு முகத்தில் ஒட்டியது. விஷயத்தைக் கேட்ட பூங்கோதை ஒரு குதி குதித்து, கப்பில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டு ஓடிவந்தாள்.

"இனிமே சாப்பிடலாம்லக்கா? அதான் வேல கெடச்சிருச்சே!"

"நாளைக்கும் இருக்கு."

"இன்னுமா? எதுக்குக்கா?"

"விசில் ஊதேல்லை" என்றாள் வசந்தமலர். மணிக்கட்டில் இருந்த இரண்டு காப்பையும் கையுறைக்குள் தள்ளிவிட்டாள். பெல்ட் உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. செம்மண் கரைந்த தண்ணீரோடு கிழங்கு உருண்டு வந்தது. அவள் ஒரு பச்சைக் கிழங்கைப் பொறுக்கி எறிந்தாள், அடுத்து வெட்டுப்பட்டது ஒன்றை. ஒரு கிழமையாக மூடிக் கிடந்த வாய் திறந்தது.

"பூங்கோதை, இஞ்ச கேளும். அங்க குவாட்டர்பாக் எண்டு ஒருத்தன் இருக்கிறான். எல்லாரும் அவனைத்தான் பாப்பினம். நீர் அவனைப் பாக்கக்கூடாது..."